கலிபோர்னியாவின் ஆங்கிலத் தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது எப்படி: புதிதாகக் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கான வழிகாட்டி

கலிபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் 3 முதல் 8ஆம் வகுப்பு வரையிலும், அதன்பின் 11ஆம் வகுப்பிலும் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஆங்கில மொழிக்கலைத் தேர்வு ஒன்றை எழுதுகிறார்கள். ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு என்பது அதன் பெயர். மாநிலத்தின் காஸ்ப் எனப்படும் தேர்வு ஏற்பாட்டின் கீழ் கணிதத் தேர்வோடு சேர்ந்து நடைபெறும் இது, 2010இல் கலிபோர்னியா ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத்தரங்களை அடிப்படையாகக் கொண்டு, 2015 முதல் மதிப்பெண்ணோடு நடத்தப்பட்டு வருகிறது. வாஷிங்டன், ஓரிகன், கனெக்டிகட் முதலிய மாநிலங்களிலும் இதே தேர்வுதான். டெக்சாஸ், நியூ ஜெர்சி, நியூயார்க் ஆகியவை தமக்கெனத் தனித் தேர்வுகள் வைத்திருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு இக்கட்டுரையின் நிர்வாகச் செய்திகள் பொருந்தாவிட்டாலும், வாசிப்பையும் எழுத்தையும் பற்றிய பகுதிகள் பெருமளவு பயன்படும்.

சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வேலை மாற்றலில் வந்து, பிள்ளையை ஃப்ரீமான்ட்டிலோ சான் ரமோனிலோ பள்ளியில் சேர்த்துவிட்டு, பிப்ரவரி மாதம் பள்ளியிலிருந்து வரும் மின்னஞ்சலில்தான் இத்தேர்வின் பெயரையே முதன்முதலாகப் பார்க்கும் பெற்றோர் பலர். அவர்களுடைய முதல் எதிர்வினை பெரும்பாலும் இலக்கணப் பயிற்சி நூல்களையும் சொற்பட்டியல்களையும் வாங்கிக் குவிப்பதாக இருக்கிறது. இத்தேர்வு சோதிப்பது வேறொன்றை என்பதால் அந்தச் செலவில் பெரும்பகுதி வீண். முன்பின் பார்த்திராத ஒரு பகுதியைப் படித்து, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்து, அம்முடிவுக்கு ஆதாரம் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டவும், பல மூலங்களைப் படித்து அவற்றைக் கொண்டு தானாக எழுதவும் தெரிகிறதா என்பதே கேள்வி. இதில் ரேங்க் பட்டியல் கிடையாது. வகுப்பறை கிரேடுகளிலும் இம்மதிப்பெண் சேர்வதில்லை. எனவே பதற்றமில்லாமல், ஆனால் ஒழுங்காக ஆயத்தமாவதற்கு ஜனவரியில் தொடங்கினால்கூடப் போதிய காலம் இருக்கிறது.

முதற்படி: உங்கள் பிள்ளை இவ்வாண்டு எழுத வேண்டுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் படிவம் ஒன்றைத் தருவார்கள். அதில் தமிழ் என்று எழுதினால், சேர்ந்த 30 நாட்களுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வைப் பிள்ளைக்கு நடத்துவார்கள். அதைத் தவிர்ப்பதற்காக ஆங்கிலம் என்று எழுதிவிடுமாறு சில பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் அறிவுரை கூறுவதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. உண்மையை எழுதுவதால் பிள்ளைக்கு இழப்பு எதுவும் இல்லை. ஆங்கில வழிப் பள்ளியில் நன்றாகப் படித்து வந்த பிள்ளை அந்தத் தொடக்கத் தேர்விலேயே ஆங்கிலத்தில் தேர்ச்சியுள்ளவர் என்று வகைப்படுத்தப்பட்டுவிட்டால் எல்பேக் அதோடு முடிந்துவிடும். உதவி தேவைப்படும் பிள்ளையாக இருந்தால், ஆங்கிலம் கற்போர் என்ற வகையில் சேர்க்கப்பட்டு, அதற்குரிய பயிற்சியைச் சட்டப்படி பெறும்.

இவ்வகைப்பாட்டுக்கும் நம் தேர்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆங்கிலம் கற்போர் வகையில் உள்ள மாணவர் அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்து 12 மாதங்கள் நிறைவடையாதிருந்தால், ஆங்கில மொழிக்கலைத் தேர்விலிருந்து ஒருமுறை விலக்குப் பெறுகிறார். கணிதத் தேர்வுக்கு இந்த விலக்கு இல்லை. ஏற்கெனவே தேர்ச்சியுள்ளவர் என்று வகைப்படுத்தப்பட்ட பிள்ளைக்கும் இது பொருந்தாது. அப்பிள்ளை மார்ச்சில் வந்து சேர்ந்திருந்தாலும் வகுப்போடு சேர்ந்து எழுத வேண்டியதுதான். இவை தவிர, பெற்றோர் எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால் அவ்வாண்டுத் தேர்விலிருந்து பிள்ளையை விலக்க மாநிலக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. ஆனாலும் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் ஒரு வாய்ப்பைத் தக்க காரணமின்றி விட்டுவிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பிள்ளை எந்த வகையில் இருக்கிறது, தேர்வு எந்த வாரத்தில் நடக்கிறது என்ற இரண்டையும் பள்ளி அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் படி: தேர்வின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

தேர்வு முழுவதும் கணினியில் நடக்கிறது. அதற்கு இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் கதைகளும் தகவல் கட்டுரைகளும் தரப்பட்டு, அவற்றின் மீது கேள்விகள் கேட்கப்படும். சிறு ஒலிப்பதிவுகளைக் கேட்டு விடையளிக்கும் கேள்விகளும், ஒரு வரைவுப் பத்தியைத் திருத்தும் கேள்விகளும், ஓரிரு பத்தி எழுதும் கேள்விகளும் இதிலேயே வரும். இப்பகுதி மாணவரின் விடைகளுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது: சரியாக விடையளிக்க அளிக்க அடுத்தடுத்த கேள்விகள் கடினமாகும், தவறினால் எளிதாகும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகூடத் தேர்வு முடிந்து வந்து, ‘ரொம்பக் கஷ்டமா இருந்தது’ என்று சொல்வதன் காரணம் இதுவே. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், நடுவில் கேள்விகள் கடினமாகும்போது தான் தோற்றுக்கொண்டிருப்பதாகப் பிள்ளை நினைத்துவிடும்.

இரண்டாம் பகுதிக்குப் பெர்ஃபார்மன்ஸ் டாஸ்க் என்று பெயர். ஒரே பொருள் குறித்த சில மூலங்களைப் படித்து, அவற்றின் மீது ஓரிரு சிறு கேள்விகளுக்கு விடையளித்துவிட்டு, கடைசியில் முழுக் கட்டுரை ஒன்றை எழுத வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் இவ்விரு பகுதிகளையும் வெவ்வேறு நாட்களில் வைக்கின்றன. இரண்டுக்கும் நேர வரம்பு இல்லை. மூன்று மணி நேரத் தாளை மணியடிப்பதற்குள் எழுதி முடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது நம்ப முடியாத செய்தி. நான்கைந்து முறையாவது சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். இல்லையென்றால் பழக்கத்தின் காரணமாக அவசர அவசரமாக முடித்துவிட்டு, மீதி நேரத்தில் சன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: மாதிரித் தேர்வு ஒன்றை உடனிருந்து செய்ய வையுங்கள்

ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு அமைப்பு ஒவ்வொரு வகுப்புக்கும் மாதிரித் தேர்வுகளைக் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரோ கடவுச்சொல்லோ வேண்டியதில்லை. விருந்தினராக உள்ளே சென்று வகுப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். உண்மையான தேர்வில் உள்ள அதே திரையும் அதே கருவிகளும் அதில் இருப்பதால், பணம் கொடுத்து வாங்கும் அச்சு நூல்களைக் காட்டிலும் இதுவே உதவும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: மாதிரித் தேர்வு விடைக்கேற்ப மாறாது, மதிப்பெண்ணையும் தானாகக் காட்டாது, விடைக்குறிப்பைத் தனியாகத் தரவிறக்கிக்கொண்டு நீங்களே சரிபார்க்க வேண்டும்.

முதல் முறை பிள்ளையைத் தனியாக விட்டுவிட வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து, குறுக்கிடாமல், எந்த இடத்தில் தயங்குகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பகுதியைப் படிக்காமல் நேராகக் கேள்விக்குத் தாவுகிறதா, ‘இரண்டு விடைகளைத் தேர்ந்தெடு’ என்ற குறிப்பைக் கவனிக்காமல் ஒன்றோடு நின்றுவிடுகிறதா, வாக்கியத்தைச் சொடுக்கித் தேர்வு செய்ய வேண்டிய கேள்வியில் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறதா, எழுத வேண்டிய கட்டத்தில் இரண்டு வரிகளோடு முடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். இந்த நான்கில் முதல் மூன்றையும் ஓரிரு வாரங்களில் சரிசெய்துவிடலாம். நான்காவதற்கு மாதக்கணக்கு ஆகும், ஆகவே அதை முதலில் தொடங்க வேண்டும்.

நான்காம் படி: ஆதாரம் காட்டும் பழக்கம்

ஆயத்தத்தின் மையம் இதுதான். தேர்வில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி வகை இரண்டு பாகங்கள் கொண்டது. முதற்பாகம், பகுதியிலிருந்து ஒரு முடிவுக்கு வரச் சொல்லும். இரண்டாம் பாகம், அம்முடிவுக்கு மிகச் சிறந்த ஆதாரமாக அமையும் வாக்கியம் எது என்று கேட்கும். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண்; முடிவு சரியாக இருந்து ஆதாரம் தவறினால் ஒன்றுமில்லை.

இதில் பிள்ளைகள் எப்படிச் சறுக்குகிறார்கள் என்று காட்ட நானே ஒரு சிறு கதையை இங்கே அமைத்துக்கொள்கிறேன். டேனியல் என்ற சிறுவன் அறிவியல் கண்காட்சி நடக்கும் அரங்கின் வாசலில், தன் படத்தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தபடி, உள்ளே போகாமல் நிற்கிறான். அவனைத் தாண்டிப் போகும் ஒரு சிறுமியின் எரிமலை மாதிரியுரு கீழே விழுந்து உடைகிறது. அவன் மண்டியிட்டு அதை ஒட்டிக் கொடுக்கிறான்; ஒட்டும்போதே அவள் கேட்ட கேள்விக்குத் தன் ஆய்வைப் பற்றி விளக்கத் தொடங்குகிறான்; தன் பின்னால் ஐந்து பேர் கூடி நின்று கேட்டுக்கொண்டிருப்பதை அவன் கவனிக்கவேயில்லை. முதற்பாகத்துக்கான விடை, பிறருக்கு உதவியதில் அவனுடைய கூச்சம் மறைந்தது என்பது. இதைப் பெரும்பாலான பிள்ளைகள் சரியாகவே சொல்லிவிடுவார்கள். இரண்டாம் பாகத்தில் தரப்படும் தெரிவுகளில் ஒன்று, அவன் படத்தாளின் ஓரத்தை மடித்தான் என்ற வாக்கியம். அது கதையில் உள்ளதுதான், கூச்சத்தோடு தொடர்புடையதும்தான். ஆனால் அது கூச்சம் இருந்ததற்கு ஆதாரமே தவிர, மறைந்ததற்கு ஆதாரம் அன்று. ஐந்து பேர் நின்றதைக் கவனிக்கவில்லை என்ற வாக்கியமே சரியான விடை. தவறான தெரிவுகள் பொய்யாக இருப்பதில்லை. கதையில் உள்ள உண்மைகளாகவே இருந்து, கேட்கப்பட்ட முடிவைத் தாங்காமல் போகின்றன. இந்த நுட்பத்தைப் பிள்ளை ஒருமுறை கண்டுகொண்டால், மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தெளிவாகும்.

இப்பயிற்சிக்குத் தனிப் பாடநூல் தேவையில்லை. பிள்ளை எதைப் படித்தாலும், படித்ததைப் பற்றி எதைச் சொன்னாலும், ‘அப்படின்னு எங்க இருக்கு, காட்டு பாப்போம்’ என்று கேளுங்கள். கேள்வி தமிழில் இருக்கலாம், பதிலும் தமிழில் இருக்கலாம். விரல் மட்டும் ஆங்கில வரியின் மீது வந்து நிற்க வேண்டும். தம் ஆங்கில உச்சரிப்பு இவ்வூரார் போல இல்லையே என்று தயங்கிப் பிள்ளையின் படிப்பில் தலையிடாமல் ஒதுங்கும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முடிவையும் ஆதாரத்தையும் பொருத்திப் பார்ப்பது சிந்தனைப் பயிற்சி, அது எந்த மொழியில் பழகினாலும் தேர்வறையில் உதவும். இரவு உணவின்போது பத்து நிமிடம் இப்படிப் பேசினால் போதும்.

பிள்ளை விரல் வைத்த வரி பொருந்தாதபோது உடனே தவறு என்று சொல்லாமல், ‘இந்த வரி மட்டும் தெரிந்த ஒருவர் நீ சொன்ன முடிவுக்கு வருவாரா?’ என்று கேளுங்கள். வரமாட்டார் என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

என்ன படிக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கதைகளில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகள் பலர் தகவல் கட்டுரை என்றால் முகம் சுளிக்கிறார்கள். காமன் கோர் ஆவணம் 4ஆம் வகுப்பில் இலக்கியமும் தகவல் எழுத்தும் பாதிக்குப் பாதியாகவும், 8ஆம் வகுப்பில் தகவல் எழுத்து 55 விழுக்காடாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தேர்விலும் தேனீக்கள், பழைய பாலங்கள், கடல் நீரோட்டம், யாரோ ஒரு கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கை என்று எதுவும் வரலாம். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கட்டணமின்றி அட்டை பெற்று, வாரத்துக்கு இரண்டு கதை நூல் எடுத்தால் இரண்டு தகவல் நூலும் எடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். நூலகத்தின் லிபி செயலி வழியாகக் கைபேசியிலும் படிக்கலாம் என்றாலும், தேர்வு கணினித் திரையில் நடப்பதால், அவ்வப்போது நீண்ட கட்டுரை ஒன்றைப் பெரிய திரையில் உருட்டிப் படித்துப் பழகுவது நல்லது.

ஐந்தாம் படி: மூலங்களிலிருந்து எழுதுதல்

முழுக் கட்டுரையின் வகை வகுப்புக்கேற்ப மாறும். 3 முதல் 5 வரை கதை எழுதுதல், தகவல் விளக்கம், கருத்துக் கட்டுரை ஆகிய மூன்றில் ஒன்று வரும். 6 முதல் 8 வரை கதை, விளக்கம், வாதம். 11இல் விளக்கமும் வாதமும் மட்டும். எந்த வகை வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எனவே எல்லா வகைகளையும் ஒருமுறையேனும் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். 7ஆம் வகுப்பிலிருந்து வாதக் கட்டுரையில் எதிர்த்தரப்பின் கருத்தையும் எடுத்துக்கூறி விடையளிக்க வேண்டும் என்பது கூடுதல் எதிர்பார்ப்பு.

மதிப்பெண் பத்து. அமைப்புக்கும் நோக்கத்துக்கும் 4, ஆதாரத்துக்கும் விரித்துரைப்புக்கும் 4, எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம் ஆகியவற்றுக்கு 2. இந்தப் பங்கீட்டை ஒரு கணம் நின்று கவனியுங்கள். வீட்டில் நாம் திருத்தும்போது சிவப்பு மையால் வட்டமிடுவதெல்லாம் அந்த 2 மதிப்பெண்ணுக்குரியவையே. மீதி எட்டும் பிள்ளை என்ன சொல்கிறது, எதைக் கொண்டு சொல்கிறது, எந்த வரிசையில் சொல்கிறது என்பதைப் பொறுத்தவை. முதல் வரைவில் எழுத்துப்பிழைகளைத் தொடவே வேண்டாம் என்பது என் பரிந்துரை.

நம் பள்ளிகளில் கற்ற முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகம் இங்கேயும் அப்படியே செல்லும். ஆனால் நாம் பொருளுரையில் மனப்பாடம் செய்த பொதுச் செய்திகளையும் மேற்கோள்களையும் அடுக்கிப் பழகியவர்கள். இங்கே பொருளுரை முழுவதும் கொடுக்கப்பட்ட மூலங்களிலிருந்து வர வேண்டும். 5ஆம் வகுப்புக்கு, பள்ளி மைதானத்தின் ஒரு பகுதியில் காய்கறித் தோட்டம் அமைக்கலாமா என்று ஒரு கருத்துக் கட்டுரை கேட்கப்பட்டதாகக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று மூலங்கள்: தோட்டம் வைத்த ஒரு பள்ளியைப் பற்றிய செய்திக் கட்டுரை, தோட்டப் பராமரிப்புக்கு ஆகும் தண்ணீரையும் உழைப்பையும் விளக்கும் குறிப்பு, ஓர் ஆசிரியரின் நேர்காணல். பிள்ளை முதலில் ஒரு தாளில் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘வேண்டும்’, வலப்பக்கம் ‘வேண்டாம்’ என்று எழுதி, ஒவ்வொரு மூலத்திலிருந்தும் கிடைக்கும் செய்திகளைத் தன் சொற்களில், மூலத்தின் எண்ணோடு, அந்தந்தப் பக்கத்தில் குறிக்க வேண்டும். எந்தப் பக்கம் கனமாக இருக்கிறதோ அந்தப் பக்கமே எழுத எளிதான கட்சி. பிள்ளையின் சொந்த விருப்பம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. தேர்வில் யாரும் அதை மதிப்பிடுவதில்லை.

பிறகு ஒவ்வொரு பத்தியிலும் நான்கு வேலைகள் நடக்க வேண்டும். காரணத்தைச் சொல்வது, அதற்கான செய்தி எந்த மூலத்தில் இருக்கிறது என்று பெயர் குறிப்பது, அச்செய்தியைத் தன் சொற்களில் தருவது, அது ஏன் தன் கருத்தைத் தாங்குகிறது என்று விளக்குவது. ‘தோட்டம் வைத்த பின் மதிய உணவில் காய்கறியை ஒதுக்கும் மாணவர்கள் குறைந்துவிட்டதாக முதல் மூலம் கூறுகிறது’ என்பது மூன்றாவது வேலை. ‘தாமே வளர்த்ததைச் சுவைத்துப் பார்க்கும் ஆர்வம் இயல்பாக எழும் என்பதால், நம் பள்ளியிலும் இது நடக்கக்கூடும்’ என்பது நான்காவது. பிள்ளைகள் விட்டுவிடுவது இந்த நான்காவதைத்தான். செய்தியைச் சொல்லிவிட்டாலே கருத்து நிறுவப்பட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். ‘அதனால என்ன?’ என்று பத்திக்கு ஒருமுறை கேட்டால் அவ்வாக்கியம் வெளிவரும்.

ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூலத்தின் வரிகளைப் பெரும்பகுதியும் அப்படியே எடுத்து எழுதிவிட்டால், பிழையே இல்லாத ஆங்கிலமாக இருந்தாலும், அதற்கு மதிப்பெண் வழங்காமல் ஒதுக்கிவிடுவார்கள். பிள்ளை சொந்தமாக எழுதியது போதவில்லை என்ற குறியீடு விழும். பாடநூலில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதுவதே சிறந்த விடை என்று பயின்று வந்த பிள்ளைக்கு இது பெரிய திருப்பம். இதைப் பழக்க எளிய வழி, மூலத்தின் ஒரு பத்தியைப் படித்துவிட்டு, திரையை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒரே வாக்கியத்தில் தட்டச்சு செய்யச் சொல்வது. ஒரு சொற்றொடரை அப்படியே எடுப்பது தேவையானால் மேற்கோள் குறிக்குள் வைத்து, மூலத்தைக் குறிப்பிட வேண்டும். கேட்கப்பட்ட வகையை விட்டுவிட்டு வேறு வகையில் எழுதுவதும் ஒதுக்கப்படும்: விளக்கக் கட்டுரை கேட்ட இடத்தில் கதை எழுதினால், அது எவ்வளவு அழகான கதையாக இருந்தாலும் பயனில்லை.

ஒவ்வொரு பத்தியும் இத்தனை வாக்கியம், மொத்தம் ஐந்து பத்தி என்று கணக்குப்போட்டு எழுதச் சொல்லித்தரும் பயிற்சி வகுப்புகள் இங்கே உண்டு. தொடக்க வகுப்புகளில் அது ஒரு கைப்பிடியாக உதவலாம். மதிப்பீட்டு அளவுகோலில் பத்தி எண்ணிக்கை என்று எதுவும் இல்லை என்பதால், 6ஆம் வகுப்புக்கு மேல் பிள்ளையை அதிலேயே கட்டிவைக்க வேண்டியதில்லை.

வாரத்துக்கு ஒரு முழுக் கட்டுரை எழுத வைப்பதைவிட, வாரத்துக்கு ஒரு பத்தியை எழுதி, அதையே மறுநாள் திருத்தி எழுத வைப்பது அதிகம் பலன் தரும். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் இரண்டு முழுக் கட்டுரைகள் போதும்.

ஆறாம் படி: விசைப்பலகையும் திரைக் கருவிகளும்

அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய பிள்ளைகள் இங்கே வந்து குரோம்புக்கின் முன் ஒரு விரலால் எழுத்தைத் தேடுவதைப் பார்க்கலாம். காமன் கோர் தரங்களின்படி, ஒரே அமர்வில் 4ஆம் வகுப்பு மாணவர் ஒரு பக்கமும், 5ஆம் வகுப்பில் இரண்டு பக்கமும், 6இல் மூன்று பக்கமும் தட்டச்சு செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். எழுத்தைத் தேடுவதில் கவனம் போனால் யோசனை அறுந்துவிடும். ஆகவே நாளுக்குப் பத்து நிமிடத் தட்டச்சுப் பயிற்சி, அதுவும் இன்றே தொடங்குவது, வேறெந்தப் பயிற்சி நூலையும்விடப் பயனுள்ளது. அமெரிக்க எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறி வழக்கமும் சில இடங்களில் நாம் கற்றதிலிருந்து மாறுபடும். பிள்ளை தட்டச்சு செய்ததைப் பார்க்கும்போது அவற்றையும் மெல்லச் சுட்டிக்காட்டுங்கள்.

தேர்வுத் திரையில் எல்லா மாணவருக்கும் கிடைக்கும் கருவிகள் உண்டு. வரிகளை மஞ்சளிட்டுக் காட்டுவது, பொருந்தாத தெரிவைக் கோடிட்டு அடிப்பது, கேள்வியைப் பின்னர் பார்க்கக் குறித்து வைப்பது, குறிப்புச் சட்டம், எழுத்துகளைப் பெரிதாக்குவது ஆகியவை அவற்றில் சில. முழுக் கட்டுரை எழுதும் இடத்தில் ஆங்கில அகராதியும் எழுத்துப்பிழை காட்டும் வசதியும் இருக்கும். மாதிரித் தேர்வில் இவை ஒவ்வொன்றையும் ஒருமுறை சொடுக்கிப் பழகாத பிள்ளை தேர்வன்று அவற்றைத் தொடாது. சிறப்புக் கல்வித் திட்டமோ 504 திட்டமோ (இயலாமை உள்ள மாணவருக்குப் பள்ளி வகுத்துத் தரும் உதவித் திட்டம்) உள்ள பிள்ளையாக இருந்தால், திரையில் உள்ளதை ஒலியாக வாசித்தல் போன்ற கூடுதல் உதவிகள் தேர்வுக்கு முன்பே கணினியில் பதியப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியரிடம் ஒரு மாதம் முன்னரே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேட்டல் கேள்விகளுக்குப் பெரிய ஆயத்தம் வேண்டாம். ஒலிப்பதிவை மறுபடியும் போட்டுக் கேட்கலாம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அமெரிக்கப் பேச்சு காதுக்குப் பழகாத புதிதில், காரில் போகும்போது சிறுவர்களுக்கான அறிவியல் அல்லது வரலாற்று ஒலித்தொடர்களைப் போட்டுவிட்டு, இறங்கும்போது ‘என்ன சொன்னாங்க?’ என்று கேட்பது போதும்.

தேர்வு வாரம்

அந்த வாரத்தில் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம். மருத்துவரிடம் போவது, ஊருக்குப் புறப்படுவது போன்றவற்றைத் தேர்வு நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு வருகைப் பதிவைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு: விடைக்கேற்ப மாறும் முதற்பகுதியில் 20 நிமிடத்துக்கு மேல் தேர்வை நிறுத்திவைத்தால், அதற்கு முன் விடையளித்த கேள்விகளுக்குத் திரும்பிப்போக முடியாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்து வைத்த கேள்விகள் பூட்டிக்கொள்ளும். எனவே அன்றன்று குறித்தவற்றை அன்றன்றே முடித்துவிடுமாறு பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். கைபேசியும் ஸ்மார்ட் கடிகாரமும் தேர்வறையில் கூடாது. காலையில் வயிறு நிறைய இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டுப் போனால் சரி.

மதிப்பெண் அறிக்கை வந்தபின்

அறிக்கை பெரும்பாலும் பள்ளி மாவட்டத்தின், அதாவது உங்கள் பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பின், பெற்றோர் இணையதளத்தில் கிடைக்கும். அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று இருக்காது. 2,000க்கு மேற்பட்ட நான்கிலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு நான்கு நிலைகளில் ஒன்றில் பிள்ளையை வைப்பார்கள். கீழிருந்து மூன்றாம் நிலையே அந்த வகுப்புக்குரிய தரத்தை எட்டியதாகக் கருதப்படுவது. அதன் தொடக்க எண் 3ஆம் வகுப்புக்கு 2432, 5ஆம் வகுப்புக்கு 2502, 8ஆம் வகுப்புக்கு 2567, 11ஆம் வகுப்புக்கு 2583. எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அளவுகோல் என்பதால், சென்ற ஆண்டின் எண்ணையும் இவ்வாண்டின் எண்ணையும் நேரடியாக ஒப்பிடலாம். நிலை மாறாவிட்டாலும் எண் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே பொருளுள்ள ஒப்பீடு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணைக் கேட்டு வருவதில் பயனில்லை. வாசிப்பு, எழுத்து எனப் பகுதிவாரியாக ஏதேனும் குறிப்பு இருந்தால் அதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒவ்வொரு பகுதிக்கும் கேட்கப்படும் கேள்விகள் குறைவு.

ஆங்கிலம் கற்போர் வகையில் உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு இவ்வறிக்கை மற்றவர்களைவிட முக்கியமானது. அவ்வகையிலிருந்து விடுபட, ஆண்டுதோறும் நடக்கும் எல்பேக் தேர்வில் மொத்தத்தில் 4ஆம் நிலை, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரோடு கலந்தாலோசனை, அடிப்படைத் திறனில் ஆங்கிலம் தெரிந்த மாணவர்களோடு ஒப்பீடு ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். அந்த நான்காவதற்குப் பல பள்ளி மாவட்டங்கள் பயன்படுத்துவது இந்தத் தேர்வின் மதிப்பெண்ணைத்தான். எல்பேக்கில் 4ஆம் நிலை வந்த பின்னும் பிள்ளை அதே வகையிலேயே நீடித்தால், எந்த அளவுகோல் நிறைவேறவில்லை என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். கலந்தாலோசனைக்கு அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 11ஆம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு, கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் முதலாண்டில் எந்த ஆங்கில வகுப்பில் சேர்ப்பது என்று முடிவுசெய்யும்போது இம்மதிப்பெண்ணையும் கருத்தில் கொள்கிறது. அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் ஒப்புதலைத் தர மறந்துவிட வேண்டாம்.